பாறை விளிம்பில் கள்ளிமுளையான்

ஏற்காட்டுக்குச் செடி பார்க்க வருகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் நிற்காமல் ஏறி நேரே உச்சிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காபித் தோட்டமும் சில்வர் ஓக் நிழலும் பனியும் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டமும் இருக்கின்றன. ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்க்கத் தகுந்த இடங்கள்தான். ஆனால் கள்ளிமுளையான் என்னும் சதைப்பற்றுச் செடியைத் தேடுகிறவர் வண்டியை அடிவாரத்திலேயே நிறுத்த வேண்டும். காபிக்குப் பிடித்த ஈரமும் ஆழ்ந்த மண்ணும் இதற்கு ஆகாது. வெயிலில் காய்ந்து கிடக்கும் பாறைத் தட்டு, அதன் விளிம்பில் விரல் ஆழத்துக்கு மண், மேலே கவிந்த ஒரு முட்புதர் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் அது நிற்கும். ஆகவே செடியைத் தேடும் முன் பாறையையும் புதரையும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தின் முதல் பகுதி அதைப் பற்றித்தான்.

பாறை

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோக்கைட் என்னும் கருங்கல். சென்னைப் பல்லாவரத்தில் வெட்டி எடுத்த கல்லும் இதே இனம். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருக்கும் கல் இந்த வகை என்பதைக் கண்டுதான் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இதற்கு அந்தப் பெயரை வைத்தார். மலை உச்சியில் இந்தக் கல் காலங்காலமாக மழையில் ஊறி, மட்கி, செம்மண்ணாகவும் பாக்சைட்டாகவும் மாறியிருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபி நட்டுப் பார்த்ததும் அது பிடித்துக்கொண்டதும் அந்த மண்ணால்தான்.

கீழ்ச்சரிவில் நிலைமை வேறு. மழை பெய்யும்போதே மண் வழிந்து போய்விடும். மிஞ்சுவது கல்லின் பள்ளங்களிலும் வெடிப்புகளிலும் தங்குவது மட்டும். அப்படி ஒரு பள்ளத்தை உட்கார்ந்து பாருங்கள். வெளி ஓரத்தில், வெறும் கல்லின் மேல், சாம்பலும் மஞ்சளுமாகப் படை போல ஒட்டியிருப்பது பாறைப்பாசி, நாம் மசாலாவில் போடும் கல்பாசியின் உறவு. அதற்கு உள்ளே ஒரு விரற்கடை அகலத்துக்குக் கறுத்துச் சுருங்கிய பாசி மெத்தை. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகிவிடும். அதற்கும் உள்ளே கரடுமுரடான மணல், மட்கிய புல், எறும்பு கொண்டுவந்து போட்ட உமி. அங்கேதான் புல் வேர் பிடிக்கும். பள்ளத்தின் நடுவில், மண் சற்று ஆழமாக உள்ள இடத்தில், ஒரு காரையோ சூரையோ முளைத்திருக்கும். இந்த வரிசை உருவாகப் பல தலைமுறைக் காலம் ஆகிறது. ஒரு செருப்புக் கால் சறுக்கினால் அவ்வளவும் பெயர்ந்து வந்துவிடும். வெறும் கல்லின் மேல் தாராளமாக நடங்கள். பாசி மெத்தையின் மேல் கால் வைக்காதீர்கள்.

சித்திரை மதியத்தில் இந்தக் கல்லில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஐப்பசி மழையிலோ அதே பள்ளம் நாள் கணக்கில் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். இரண்டையும் தாங்குவது எளிதல்ல. பள்ளத்தின் நடுவில் நின்றால் அழுகும், வெறும் கல்லில் நின்றால் கருகும். இரண்டுக்கும் நடுவிலுள்ள விளிம்புதான் கள்ளிமுளையானின் இடம்.

புதர்

வெட்டவெளியில் தேடிக் களைத்துப் போகிறவர்கள் உண்டு. குப்பனூர்ச் சாலைப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் நான் விசாரித்தபோது, “முள்ளுக்குள்ள பாருங்க. வெளிய மொளச்சா வெள்ளாடு விட்டு வெக்குமாங்க?” என்றார். எந்தப் புத்தகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடாது. சதைப்பற்றுள்ள தண்டு, முள் கிடையாது, பால் கிடையாது. வெள்ளாட்டுக்கு அது விருந்து. முட்புதர் ஆட்டைத் தடுக்கிறது. இளம் கன்றுக்கு நிழல் கொடுக்கிறது. தன் சருகை உதிர்த்து மண்ணும் சேர்த்துத் தருகிறது.

ஆகவே காரை, சூரை, இலந்தை, இண்டு, திருகுகள்ளி இவற்றின் அடியைக் குனிந்து பாருங்கள். துரிஞ்சி மரம் நிறைய நிற்கும் வறண்ட சரிவு என்றால் நம்பிக்கை கூடும். உண்ணிச்செடி அடர்ந்து மூடிய சரிவு என்றால் கூடாது. அயல்நாட்டிலிருந்து வந்த அந்தப் புதர் கொடுப்பது நிழல் அல்ல, இருட்டு. அதனடியில் இந்தச் செடி பிழைத்து நான் கண்டதில்லை.

கையைப் புதருக்குள் விடாதீர்கள். சுருட்டை விரியனுக்கும் தேளுக்கும் பிடித்த இடமும் இதுதான். நீளமான குச்சியால் சருகை விலக்கிப் பார்த்துவிட்டு, குச்சியாலேயே பழையபடி மூடிவிடுங்கள். கணுக்காலை மூடும் காலணி அவசியம்.

எந்த வழியில் போவது என்று கேட்டால், நான் அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு வழியைச் சொல்வேன். வண்டி நெரிசல் குறைவு, ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்க்க நேரம் கிடைக்கும். சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்குவதாக இருந்தால் வனத்துறையின் அனுமதி வேண்டும். இது காப்புக்காடு. செடியோ கல்லோ விறகோ எடுப்பது குற்றம். அனுமதிக்கு அலைய முடியாதவர்கள் மலைக்கு வெளியே ஊர்ப்புறக் கரடுகளுக்குப் போகலாம். சேலத்தைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாகக் கரடுகள் இருக்கின்றன. பட்டா நிலமாக இருந்தால் உடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கல்குவாரிக்குக் குத்தகை விட்ட கரடுகளைத் தவிர்த்துவிடுங்கள். வெடி வைக்கும் இடத்தில் யாருக்கும் வேலை இல்லை. ஒரு கரட்டை வெட்டினால் கல்லோடு அந்த விளிம்பு மண் முழுவதும் போகிறது. கல் தீர்ந்த பிறகு குழியைச் சுற்றி ஆயிரம் மரம் நட்டாலும் அந்த விளிம்பு திரும்ப வராது. இதைச் சொல்லாமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

அடையாளம்

நான்கு பட்டையுள்ள தண்டு, அடியில் சுண்டுவிரல் கனம், முழங்கால் உயரம். மேலே போகப் போக மெலிந்து எலிவால் போல முடியும். நிறம் பச்சை, வெயில் பட்ட பக்கம் சிவப்போ ஊதாவோ ஏறியிருக்கும். பட்டை ஓரங்களில் பல் பல்லாக மேடுகள். ஒவ்வொரு மேட்டிலும் கடுகளவு இலை வந்து சீக்கிரமே உதிர்ந்துவிடும். ஆகவே இலை இல்லாத செடி என்றே உங்களுக்குத் தோன்றும். இதுதான் பரவலாகக் காணப்படும் காரல்லுமா அட்சென்டென்ஸ்.

இன்னொன்று காரல்லுமா அம்பெல்லாட்டா. தண்டு கட்டைவிரலை விடத் தடிமன், குட்டை, நுனிவரை அதே கனம். இப்போது பூசீரோசியா என்ற பேரினத்தில் சேர்த்துப் பேசுகிறார்கள். நூல்களில் இரண்டு பெயரும் வரும்.

குழப்பக்கூடியவை மூன்று. பிரண்டைக்கும் நான்கு பட்டை உண்டு, ஆனால் கணுக்கணுவாக இறுகிக் கோத்த மாதிரி இருக்கும், பற்றுக்கம்பி விட்டுப் புதர்மேல் ஏறும். கொடிக்கள்ளி உருண்டைத் தண்டு, வளைந்து தொங்கும், ஒடித்தால் பால். ஆபத்தானது மூன்றாவது. சதுரக்கள்ளியின் இளங்கன்று, முள் இன்னும் முற்றாத பருவத்தில், அவசரப் பார்வைக்குக் கள்ளிமுளையான் போலவே நிற்கும். கள்ளிப்பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. சந்தேகம் வந்தால் நகத்தால் மிக லேசாக ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். வெள்ளைப் பால் துளிர்த்தால் அது கள்ளிமுளையான் அல்ல. கள்ளிமுளையானில் வருவது தெளிந்த நீர் மட்டும். கீறிய விரலால் முகத்தைத் தொடாமல் முதலில் கையைக் கழுவுங்கள்.

உறுதிப்படுத்திக்கொள்ள நினைப்பவர்களுக்குத் துணை, கே. எம். மாத்யூவின் ‘தமிழ்நாடு கர்நாடிக் பகுதியின் தாவரவளம்’ தொகுதிகள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவர நிலையத்தை 1967-ல் நிறுவியவர் அவர். 1980-களில் ஆங்கிலத்தில் வெளியான அந்தத் தொகுதிகள் சேர்வராயன் மலையையும் உள்ளடக்கியவை. கனமான நூல்கள், நூலகத்தில் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பூவை அருகில் பார்க்க

பூக்காத காலத்தில் இது வெறும் தண்டு. ஆவணி தொடங்கிக் கார்த்திகை வரை, ஒரு நல்ல மழை பெய்து சில நாள் கழித்துப் போனால் பூ பார்க்க அதிக வாய்ப்பு. காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை நல்ல நேரம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதில்லாமல் இந்தப் பூவின் பாதியைக்கூட நீங்கள் பார்க்கப் போவதில்லை.

காரல்லுமா அட்சென்டென்சின் பூ அந்த எலிவால் நுனியில் ஒன்றும் இரண்டுமாக வருகிறது, அகலம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி. ஐந்து இதழ்கள் நட்சத்திரமாக விரியும். மஞ்சளின் மேல் ஊதா கலந்த பழுப்பு, சில செடிகளில் கிட்டத்தட்டக் கறுப்பு. ஃபிம்ப்ரியாட்டா என்று பிரித்துச் சொல்லும் வகையில் இதழோரமெங்கும் மெல்லிய ஊதா மயிர்கள். உங்கள் மூச்சுக்காற்று பட்டாலே அவை நடுங்கும். அந்த நடுக்கம் ஈயை இழுக்கும் தூண்டில். அம்பெல்லாட்டாவின் வழி வேறு. தண்டின் உச்சியில் கரும்பழுப்புப் பூக்கள் கொத்தாக உருண்டு திரண்டு வரும், அழுகிய இறைச்சி நாற்றம் வீசும். புதருக்குள் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போய்விடாதீர்கள். அந்த நாற்றத்தைத் தேடிப் போனால் பூ இருக்கும்.

லென்சைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பூவின் நடுவைப் பாருங்கள். மையத்தில் ஐந்து முனையுள்ள சிறிய கிரீடம். அதில் இரண்டு இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு நெடுக்குப் பிளவு, பிளவின் தலையில் ஊசிமுனையளவு கறுத்த புள்ளி. அந்தப் புள்ளி ஒரு கிடுக்கி. அதன் இரு பக்கமும் மஞ்சள் மூட்டையாக ஒட்டியிருப்பது மகரந்தம். மற்றப் பூக்களைப் போல இங்கே மகரந்தம் தூளாக உதிராது. தேன் தேடும் ஈயின் மயிரோ வாயோ பிளவுக்குள் மாட்டும். இழுத்து விடுவித்துக்கொள்ளும்போது கிடுக்கியும் இரு மூட்டைகளும் கூடவே வந்துவிடும். அடுத்த பூவில் மூட்டை இன்னொரு பிளவுக்குள் சரியாகப் போய்ச் சிக்கினால்தான் காய் பிடிக்கும். ஆகவே எத்தனையோ பூ பூத்தும் காய் சிலவே இருப்பதைக் காண்பீர்கள். எருக்கம்பூவைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இந்த அமைப்பு பழக்கமானதாகத் தெரியும். எருக்கும் நன்னாரியும் இதன் சொந்தக்காரர்கள்தான்.

காய் இரட்டைக் கொம்பாக, மெலிந்து நீண்டு, மேல்நோக்கி நிற்கும். முற்றிப் பிளந்ததும் ஒவ்வொரு விதையும் வெள்ளைப் பட்டுக் குஞ்சம் கட்டிக்கொண்டு பறக்கும். பறந்ததில் பெரும்பாலானவை வெறும் கல்லில் விழுந்து வீணாகும். முட்புதரில் மோதிச் சிக்கிக் கீழே விழுபவைதான் முளைக்கின்றன.

இரவில் மூச்சு விடும் செடி

பாறைச்செடிகளின் ரகசியம் ஒன்று தென்னிந்தியாவில் நாவில் தட்டுப்பட்டது. மொரேவியன் சபைப் பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சாமல்கோட்டைத் தோட்டத்தைப் பொறுப்பேற்றவர் பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலையை விடிகாலையில் மென்றால் புளிக்கிறது, நடுப்பகலில் சுவையே இல்லை, மாலையில் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1815-ல் அச்சாயிற்று. ஏன் என்பது வெகு காலம் கழித்துத்தான் விளங்கியது. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் உள்ளே சேர்த்த நீர் ஆவியாகிவிடும். ஆகவே இந்தச் செடிகள் பகலெல்லாம் துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாக்கிச் சேர்த்துவைக்கின்றன. பொழுது விடிந்ததும், மூடிய துளைகளுக்குள்ளேயே அந்த அமிலத்தை உடைத்து வெயிலில் சமையல் நடக்கிறது. விடிகாலைப் புளிப்பு இரவெல்லாம் சேர்த்த சேமிப்பு. கள்ளிமுளையானின் தண்டும் இந்த முறையில் வாழ்வதுதான்.

ரணகள்ளி மடகாஸ்கரிலிருந்து வந்த செடி. ஏற்காட்டு வீட்டு வேலிகளிலும் பாறை ஓரங்களிலும் தாராளமாகக் கிடைக்கும், ஆகவே சோதனைக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெய்னைப் போல மெல்ல வேண்டாம், அது கால்நடைகளுக்கு நஞ்சு. ஓர் இலையை விடிகாலை ஐந்தரைக்கும், அதே செடியின் இன்னொரு இலையை மாலை நான்குக்கும் நசுக்கி, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் பி.எச். தாளில் சாற்றைத் தொட்டு நிறம் பாருங்கள். குழந்தைகளோடு போனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

துவையலும் மாத்திரையும்

வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-ல் வெளியான ‘சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள்’ முதல் தொகுதியில் கள்ளிமுளையானைப் படத்தோடு விவரித்தார், மக்கள் இதன் தண்டைப் பச்சையாகவே தின்கிறார்கள் என்ற குறிப்போடு. இன்றும் ஆடு மேய்ப்பவர்கள் அப்படித்தான் ஒடித்துத் தின்கிறார்கள். வீட்டில் என்றால் துவையல். இளந்தண்டைக் கழுவி, பட்டை ஓரங்களைச் சீவி, சின்னதாக நறுக்கி, நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்க வேண்டும். உளுந்தும் வரமிளகாயும் தனியே வறுத்து, புளி, உப்போடு சேர்த்து அரைத்தால் பிரண்டைத் துவையலுக்கு நெருங்கிய சுவை, கசப்பும் புளிப்பும் சற்றுத் தூக்கலாக. காட்டுச் செடியில் கை வைக்காதீர்கள். தொட்டியில் வளர்த்தது நாலு தண்டு பெருகிய பிறகு செய்து பாருங்கள்.

இந்தச் செடிக்குப் புது ஆபத்து வந்தது ஆட்டால் அல்ல, உடல் மெலியச் செய்யும் மாத்திரைகளால். தின்றால் பசி அடங்கும் என்ற பழைய நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு காரல்லுமா சாற்று மாத்திரைகள் உலகச் சந்தைக்குப் போயின. பெங்களூரில் 50 பேரை வைத்து, நாளுக்கு 1 கிராம் வீதம் 60 நாள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007-ல் வெளியாயிற்று. சாறு உண்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் பசியும் குறைந்தன. உடல் எடையிலோ, போலி மாத்திரை உண்டவர்களோடு ஒப்பிட, சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இவ்வளவுக்காகக் கரடு கரடாகச் செடியைப் பிடுங்கி மூட்டை கட்டுவது நியாயமே இல்லை என்பது என் முடிவு. ஒரு புதரடியில் ஒரு குத்து போனால், அடுத்த விதை அங்கே வந்து சிக்க எத்தனை மழைக்காலம் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது.

இதனால்தான் செடி கண்ட இடத்தை ஊரறியச் சொல்ல வேண்டாம் என்கிறேன். இந்திய பல்லுயிர் வலைவாசலிலோ ஐநேச்சுரலிஸ்டிலோ படம் ஏற்றுங்கள், அது பயனுள்ள காரியம். ஆனால் துல்லியமான இடக்குறியை மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். உங்கள் நோட்டில் மட்டும் தேதி, சரிவு பார்க்கும் திசை, மேலே கவிந்திருந்த புதரின் பெயர், தண்டுகளின் எண்ணிக்கை, பூவா காயா என்பவற்றை எழுதிவையுங்கள். புதரின் பெயரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மறு ஆண்டு அதே இடத்தைக் கண்டுபிடிக்க உதவுவது அதுதான்.

தொட்டியில்

வளர்ப்பவரிடம் ஒரு சாண் தண்டு கேட்டு வாங்குங்கள். வெட்டிய உடனே நட்டால் அழுகிவிடும். நிழலில் ஒரு வாரம் போட்டுவைத்து, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நடுங்கள். செம்மண் ஒரு பங்கு, ஆற்றுமணலும் உடைத்த செங்கல் பொடிசும் சேர்ந்து இரண்டு பங்கு. ஆழமில்லாத மண்சட்டியில், அடியில் பெரிய துளை போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் தொட்டி ஈரத்தைப் பிடித்துவைக்கும். முதல் பத்து நாள் தண்ணீர் வேண்டாம். பிறகு, மண் முழுக்கக் காய்ந்தால் மட்டும். மார்கழி, தை மாதங்களில் அதையும் குறைத்துவிடுங்கள். தண்டு சற்றுச் சுருங்கினால் கவலை இல்லை, அடித்தண்டு மஞ்சளித்துக் கொழகொழத்தால்தான் ஆபத்து. அப்போது மேலேயுள்ள நல்ல பகுதியை வெட்டிக் காயவைத்து மறுபடி தொடங்குங்கள். மாவுப்பூச்சி வேரில் ஒளிந்துகொள்ளும். காரணம் தெரியாமல் செடி வளர்ச்சி நின்றால் சட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் வேரைக் கழுவி, உலர்த்தி, புது மண்ணில் நடுங்கள். அம்பெல்லாட்டாவை மொட்டைமாடியில் வையுங்கள், சன்னலோரம் வேண்டாம்.

கொம்புக்காய் பிடித்தால், அது மஞ்சளிக்கத் தொடங்கும்போதே இரண்டு மூன்று இடத்தில் நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு காலையில் வெடித்து எல்லாம் பறந்து போயிருக்கும். விதையைச் சேமித்து வைக்க வேண்டாம், புதிதாக இருக்கும்போதே சலித்த மணலின் மேல் தூவி, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். சில நாளில் முளை தெரியும். கன்றுகளுக்கு முதல் கோடை முழுவதும் நேர் வெயில் படக்கூடாது. ஒரு பெரிய செடியின் அடியிலோ, வெட்டிப் போட்ட முட்கிளை நிழலிலோ சட்டியை வையுங்கள்.